பெட்டியை இழுத்தால் படம் ஏன் வெட்டுப்படுகிறது?

பக்க வடிவமைப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பக்கத்தில் வைத்த ஒரு பொருளை, அது படமோ எழுத்துப் பெட்டியோ லோகோவோ, பெரிதாக்கவோ சிறிதாக்கவோ போனால் நினைத்தது நடப்பதில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இம்முறை இதற்கு மட்டும் பதில். பெரும்பாலும் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனை வைத்தே சொல்கிறேன். கோரல் டிரா, பேஜ்மேக்கர், ஸ்கிரைபஸ் என்ற மற்ற மென்பொருள்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அந்தந்த இடத்தில் பதில் இருக்கிறது. விசைகள் எல்லாம் விண்டோஸுக்கு. மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வருமிடத்தில் கமாண்ட், ஆல்ட் என்று வருமிடத்தில் ஆப்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். போட்டோஷாப்பில் பழகிவிட்டு இப்போதுதான் இன்டிசைனுக்கு வந்திருக்கிறேன். படத்தின் மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தால் படம் சிறிதாகாமல் வெட்டுப்படுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தாலும் அப்படியே. எங்கே தப்பு செய்கிறேன்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: நீங்கள் தப்பு செய்யவில்லை, இன்டிசைன் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதில் படம் தனியாகப் பக்கத்தில் உட்காருவதே இல்லை, எப்போதும் ஒரு ஃப்ரேமுக்குள்தான் இருக்கும். ஃப்ரேம் ஜன்னல் மாதிரி, படம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெரு. ஜன்னலைச் சிறிதாக்கினால் தெரு சிறிதாகாது, கண்ணுக்குத் தெரியும் பகுதிதான் குறையும். கறுப்பு அம்பான செலக்‌ஷன் டூலால் மூலையைப் பிடித்து இழுக்கும்போது நீங்கள் மாற்றுவது ஃப்ரேமை மட்டும். ஷிஃப்டைச் சேர்த்தால் அந்த ஃப்ரேமின் நீள அகல விகிதம் மாறாமல் இருக்கும், அவ்வளவுதான், உள்ளே இருக்கும் படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஃப்ரேமும் படமும் சேர்ந்து மாற வேண்டும் என்றால் கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இழுங்கள். கண்ட்ரோல் மட்டும் அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்து மாறும், ஆனால் கை கொஞ்சம் பக்கவாட்டில் போனால் படம் இழுபட்டுவிடும், அதனால் ஷிஃப்ட் இல்லாமல் கண்ட்ரோலைத் தொடவே தொடாதீர்கள். ஃப்ரேம் அப்படியே இருக்க உள்ளே இருக்கும் படம் மட்டும் மாற வேண்டும் என்றால், படத்தின் நடுவில் கர்சரைக் கொண்டுபோகும்போது ஒரு வளையம் தெரியுமே, அதைச் சொடுக்குங்கள், அல்லது வெள்ளை அம்பான டைரக்ட் செலக்‌ஷன் டூலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் உண்மையான விளிம்பு வேறொரு நிறத்தில், ஃப்ரேமைத் தாண்டியும் தெரியும். அந்த விளிம்பின் மூலையைப் பிடித்து ஷிஃப்டோடு இழுத்தால் படம் மட்டும் மாறும்.

இழுப்பதைவிட நல்ல வழி ஃபிட்டிங் கட்டளைகள். ஃப்ரேமை முதலில் உங்களுக்கு வேண்டிய அளவில் வைத்துவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்து சி அழுத்தினால் படம் ஃப்ரேமை முழுக்க நிரப்பும், மிஞ்சும் ஓரம் வெட்டுப்படும். அதே மூன்றோடு இ அழுத்தினால் படம் முழுவதும் ஃப்ரேமுக்குள் அடங்கும், ஒரு பக்கம் வெற்றிடம் விழலாம். கண்ட்ரோல், ஆல்ட், சி என்றால் ஃப்ரேம் படத்தின் அளவுக்கு மாறிக்கொள்ளும். கண்ட்ரோல், ஆல்ட், இ என்று இன்னொன்று இருக்கிறது, அது படத்தை இழுத்துப் பிடித்து ஃப்ரேமுக்குள் திணிக்கும். முகம் இருக்கும் படத்துக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: எங்கள் மாத இதழில் ஒரு பேட்டியாளரின் முகம் அகலமாக அச்சாகிவிட்டது, அவரே போன் செய்து வருத்தப்பட்டார். ஃபைலைத் திறந்து பார்த்தால் ஸ்கேல் இரண்டிலும் 100 சதவீதம் என்றுதான் காட்டுகிறது. பிறகு எப்படி முகம் அகலமானது?
(துணை ஆசிரியர், சென்னை)

பதில்: நீங்கள் பார்த்தது ஃப்ரேமின் ஸ்கேல். கறுப்பு அம்பால் தேர்ந்தெடுத்தால் மேலே கண்ட்ரோல் பேனலில் ஃப்ரேமைப் பற்றிய எண்கள்தான் வரும், உள்ளே படம் 43 சதவீதமாக இருந்தாலும் அங்கே 100 என்றே நிற்கும். வெள்ளை அம்பால் படத்தைச் சொடுக்கிவிட்டு அதே இடத்தைப் பாருங்கள். எக்ஸ் 112, ஒய் 98 என்கிற மாதிரி இரண்டு வேறு எண்கள் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை அடித்தால் முகம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், அப்புறம் ஃப்ரேமுக்குள் நகர்த்தி உட்கார வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கும் சங்கிலி அடையாளம் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அறுந்திருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றது கூட வராது.

96 பக்க இதழில் ஒவ்வொரு படத்தையும் சொடுக்கிப் பார்க்க நேரம் இருக்காது. அதற்குத்தான் ப்ரீஃபிளைட் என்ற, அச்சுக்கு முன் பிழை தேடும் வசதி இருக்கிறது. ப்ரீஃபிளைட் பேனலில் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, இமேஜஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ் என்ற பகுதியில் விகிதம் மாறிய படங்களைக் காட்டும் நான்-ப்ரொபோர்ஷனல் ஸ்கேலிங் என்ற விதியை இயக்குங்கள். இமேஜ் ரெசல்யூஷன், மினிமம் ஸ்ட்ரோக் வெயிட் என்ற இரண்டையும் கூடவே இயக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எங்காவது ஒரு படம் இழுபட்டால் திரையின் கீழ் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வரும், அதைச் சொடுக்கினால் எந்தப் பக்கம் என்றும் சொல்லும். ஒருவருடைய முகத்தை அவருடைய முகமாகவே அச்சிடுவது நம் பொறுப்பு. அதைக் கண்ணை மட்டும் நம்பி விடாமல் மென்பொருளிடமும் ஒப்படைத்து வைப்பது நல்லது.

கேள்வி: அலுவலக பிரிண்டரில் ஏ5 அழைப்பிதழ் எடுத்தேன், ஓரிரு மில்லிமீட்டர் சின்னதாக வருகிறது. ஃபைலில் அளவு சரியாகத்தான் இருக்கிறது.
(பள்ளி ஆசிரியர், நாமக்கல்)

பதில்: பிடிஎஃப்பை அச்சிடும் பெட்டியில் ஃபிட் என்று இருக்கும், அதை ஆக்சுவல் சைஸ் என்று மாற்றுங்கள். இன்டிசைனிலிருந்தே நேராக எடுத்தால் ஸ்கேல் டு ஃபிட் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எழுத்துப் பெட்டி ஒன்றைப் பெரிதாக்கிய பிறகு எழுத்தின் அளவு 12 (18) என்று அடைப்புக்குறியோடு காட்டுகிறது. எது உண்மையான அளவு? பாராகிராஃப் ஸ்டைல் மாற்றினாலும் மற்ற பக்கத்தோடு ஒத்துப்போவதில்லை.
(டிடிபி சென்டர் நடத்துபவர், மதுரை)

பதில்: 18தான் அச்சில் வரும் அளவு. 12 என்பது எழுத்தின் சொந்த அளவு, பெட்டி 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருப்பதால் 18 ஆகிறது. இது எங்கிருந்து வருகிறது என்றால், ப்ரிஃபரன்சஸில் ஜெனரல் பகுதியில் வென் ஸ்கேலிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் அப்ளை டு கன்டென்ட் என்று இருந்தால் பெட்டியை இழுத்ததும் எழுத்தின் அளவே 18 ஆக மாறிவிடும், பெட்டி 100 சதவீதம் என்று காட்டும். அட்ஜஸ்ட் ஸ்கேலிங் பெர்சன்டேஜ் என்று இருந்தால் உங்களுக்கு நடந்ததுபோல எழுத்து 12 ஆகவே இருக்க, பெட்டியின் மேல் 150 என்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது முறையில் இருக்கும் பெட்டிக்கு 12 பாயிண்ட் ஸ்டைலை, அதாவது சேமித்து வைத்த எழுத்து அமைப்பை, கொடுத்தால் அது 18 ஆகத்தான் தெரியும், ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுதான்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் பேனலின் வலது ஓர மெனுவில் ரீடிஃபைன் ஸ்கேலிங் அஸ் 100% என்பதைச் சொடுக்குங்கள். பார்வைக்கு எதுவும் மாறாது, கணக்கு மட்டும் சுத்தமாகும். பிறகு ஸ்டைலைக் கொடுத்தால் ஒழுங்காக உட்காரும்.

அப்படியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடம், கட்டுரை, கதை என்று ஓடும் எழுத்தை ஒருபோதும் பெட்டியை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். 11 பாயிண்ட் 11.37 ஆகும், அடுத்த பெட்டியில் 10.82 ஆகும், வரி இடைவெளியும் அதற்கேற்ப மாறும், எதிரெதிர்ப் பக்கங்களில் வரிகள் நேராக வராது. வாசிப்பவருக்கு ஏன் என்று தெரியாமலே கண் உறுத்தும். எழுத்தைப் பெரிதாக்க ஸ்டைலில் எண்ணை மாற்றுங்கள், பெட்டியைப் பெரிதாக்கப் பெட்டியை மட்டும் இழுங்கள். கண்ட்ரோலோடு இழுக்கும் வித்தை தலைப்பு, விளம்பரம், அழைப்பிதழ் மாதிரி தனித்து நிற்கும் எழுத்துக்கு மட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர் தயாராகிறது. விளம்பரம் கொடுப்பவர்கள் பலர் விசிட்டிங் கார்டை நீட்டி, "இதையே அரைப் பக்கத்துக்குப் போட்டுடுங்க தம்பி" என்கிறார்கள். இழுத்துப் போட்டால் அசிங்கமாக இருக்கிறது, இழுக்காவிட்டால் இடம் மிச்சமாகிறது. என்ன செய்யலாம் அண்ணா?
(மலர்க் குழு இளைஞர், கும்பகோணம் அருகே)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும் தம்பி, பல மலர்களில் இழுத்துத்தான் போடுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விசிட்டிங் கார்டு பொதுவாக 3.5 அங்குலம் × 2 அங்குலம், அதாவது ஏறக்குறைய 89 × 51 மி.மீ. ஏ4 மலரில் ஓரம் விட்டு அரைப் பக்கம் 180 × 125 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அகலத்துக்குக் கார்டை 202 சதவீதம் பெரிதாக்க வேண்டும், உயரத்துக்கு 245 சதவீதம். இரண்டும் ஒன்றாக இல்லை, அதனால் எந்த மென்பொருளாலும் இழுக்காமல் நிரப்ப முடியாது. 200 சதவீதம் என்று வைத்தால் கார்டு 178 × 102 மி.மீ. ஆகும், கீழே 23 மி.மீ. மிஞ்சும். அந்த 23 மி.மீ. ஒரு வசதிதான். அதில் விளம்பரதாரரின் பெயரைப் பெரிதாக, கும்பாபிஷேக வாழ்த்தோடு ஒரு வரி போடுங்கள். கொடுத்தவருக்கும் மனது நிறையும்.

ஆனால் இன்னும் நல்ல வழி, கார்டைப் படமாகப் போடாமல் அதில் உள்ளதைத் திரும்ப அடித்து விளம்பரமாக அமைப்பது. கார்டு என்பது கையில் பிடித்துப் பார்ப்பதற்காக அமைத்தது, அதில் முகவரி மிகச் சின்னதாக இருக்கும். அதை இரண்டு மடங்கு ஆக்கினால் லோகோ தேவைக்கு மேல் பெரிதாகவும், போன் எண் இன்னும் தேவையான அளவுக்கு வராமலும் நிற்கும். அரைப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் என்றால் கடைப் பெயரும் போன் எண்ணும்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். ஒரு விளம்பரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தைச் செலவழியுங்கள்.

நேரமே இல்லை, கார்டைத்தான் போட வேண்டும் என்றால் குறைந்தபட்சம் 600 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சலில், ஸ்கேன் செய்யுங்கள். 300இல் ஸ்கேன் செய்து 200 சதவீதம் பெரிதாக்கினால் அச்சில் கிடைப்பது 150தான், சின்ன எழுத்தெல்லாம் மங்கிவிடும். லிங்க்ஸ் பேனலில் ஆக்சுவல் பிபிஐ, எஃபெக்டிவ் பிபிஐ என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது ஃபைலுக்குச் சொந்தமானது, இரண்டாவது பக்கத்தில் வைத்த அளவுக்குக் கிடைப்பது. அச்சுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

கேள்வி: அதேபோல ஒரு மலர்தான், சங்கத்தின் வெள்ளி விழா. உறுப்பினர் படங்கள் ஒரே அளவில் வரிசையாக வர வேண்டும். பெட்டி எல்லாம் ஒரே அளவில் வைத்தும் பக்கத்தைப் பார்த்தால் கோணல்மாணலாகத் தெரிகிறது.
(வடிவமைப்பாளர், கோவை)

பதில்: பெட்டி ஒரே அளவாக இருந்தால் போதாது, முகமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டுடியோவில் எடுத்த படம் கொடுத்திருப்பார், முகம் பெட்டியை நிரப்பும். இன்னொருவர் கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து வெட்டிக் கொடுத்திருப்பார், தலை சின்னதாக மேலே எங்கோ இருக்கும். நம் கண் பெட்டியின் கோட்டைப் பார்ப்பதில்லை, கண்களையும் முகத்தையும்தான் பார்க்கும்.

பெட்டி வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் அளவில் 35 × 45 மி.மீ. ஃப்ரேம் ஒன்று போட்டு, அதை ஆப்ஜெக்ட் ஸ்டைலாகச் சேமியுங்கள். 2018 பதிப்பிலிருந்து ஆப்ஜெக்ட் ஸ்டைலுக்குள்ளேயே அகலம் உயரத்தையும் சேர்த்து வைக்கலாம், ஃப்ரேம் ஃபிட்டிங் ஆப்ஷன்ஸில் நிரப்பும் முறையையும் வைக்கலாம். பிறகு கண்ட்ரோல் டி அழுத்தி எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து, இழுத்துக்கொண்டே அம்பு விசைகளை அழுத்தினால் வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் விழும். எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டைலைக் கொடுத்துவிட்டால் பெட்டிகள் தயார்.

இனிமேல்தான் நிஜமான வேலை. வரிசைக்கு இரண்டு கைடு, அதாவது அச்சில் வராத உதவிக் கோடு, இழுங்கள், ஒன்று கண்களுக்கு, மற்றொன்று தாடைக்கு. வெள்ளை அம்பால் ஒவ்வொரு படத்தையும் சொடுக்கி, ஷிஃப்டோடு பெரிதாக்கியும் சிறிதாக்கியும், கண்கள் முதல் கோட்டிலும் தாடை இரண்டாவது கோட்டிலும் வரும்படி வையுங்கள். கண்ட்ரோலோடு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சதவீதமாகப் பெரிதாகும், காற்புள்ளி விசையை அழுத்தினால் அதேபோலக் குறையும், கையால் இழுப்பதைவிட இது நுட்பமாக வரும். தலைப்பாகை கட்டியவர், கொண்டை போட்டவர் என்று வரும்போது உச்சியைப் பார்க்காதீர்கள், கண்ணுக்கும் தாடைக்கும் உள்ள தூரத்தை மட்டும் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும். சங்கத் தலைவர் முகமும் கடைசி வரிசை உறுப்பினர் முகமும் ஒரே அளவில் இருக்கும், அதைப் புரட்டும் குடும்பங்களும் கவனிப்பார்கள்.

கேள்வி: 160 பக்க நூலை ஏ4 அளவில் அமைத்துவிட்டேன். பதிப்பகத்தார் டெம்மி 1/8 வேண்டும் என்கிறார்கள். பிடிஎஃப்பை அப்படியே சுருக்கிக் கொடுத்துவிடலாமா?
(எழுத்தாளர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் சார். ஏ4ஐ ஏ5க்குச் சுருக்குவது என்றால் பிரச்சினை இல்லை. ஏ வரிசைத் தாள்கள் எல்லாம் ஒரே விகிதம், 70.7 சதவீதத்துக்குக் குறைத்தால் ஏ4 அப்படியே ஏ5இல் உட்காரும், 141.4க்குக் கூட்டினால் ஏ3. ஆனால் டெம்மி 1/8 ஏறக்குறைய 5.5 × 8.5 அங்குலம், அது வேறு விகிதம். அகலத்துக்கு 66.5 சதவீதமாகக் குறைக்க வேண்டும், உயரத்துக்கு 72.7. ஒரு கணக்கில் குறைத்தால் கீழே வெற்றிடம், இன்னொரு கணக்கில் குறைத்தால் பக்கவாட்டில் வெட்டு. அதைவிடப் பெரிய பிரச்சினை எழுத்து. நீங்கள் 11 பாயிண்டில் அமைத்திருந்தால் அது 7.3 பாயிண்ட் ஆகிவிடும். ஆங்கிலமே அந்த அளவில் சிரமம், தமிழில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்டிசைனில் ஃபைல் மெனுவில் அட்ஜஸ்ட் லேஅவுட் என்ற கட்டளை 2019 பதிப்பிலிருந்து இருக்கிறது. பக்க அளவையும் ஓரங்களையும் மாற்றினால் பெட்டிகளையும் படங்களையும் அதற்கேற்ப நகர்த்திக் கொடுக்கும். எழுத்தளவையும் மாற்றவா என்று கேட்கும், அதற்குக் கீழ்வரம்பு மேல்வரம்பு கொடுக்கலாம், ஆனால் நூலுக்கு அதை விட்டுவிடுங்கள். எழுத்து 11 ஆகவே இருக்கட்டும், பக்கம் கூடும், கூடத்தான் வேண்டும். ஓடும் எழுத்து பெட்டிக்குப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தால் மிஞ்சும் வரிகளுக்குப் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். 160 பக்கம் 250ஐத் தாண்டினாலும் தாண்டும், அட்டை முதுகின் தடிமனும் விலையும் மாறும், அதனால் அட்டை வேலை தொடங்கும் முன்பே பதிப்பகத்தாரிடம் பேசிவிடுங்கள். அடுத்த நூலுக்கு முதல் பக்கம் திறக்கும் முன்பே அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோரல் டிராவில் லோகோவைச் சின்னதாக்கினால் கோடுகள் மட்டும் தடிமனாகவே இருக்கின்றன, எழுத்து மூடிக்கொள்கிறது.
(ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர், திருப்பூர்)

பதில்: அவுட்லைன் பென் பெட்டியைத் திறந்து ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட் என்பதில் டிக் செய்யுங்கள், பழைய பதிப்புகளில் ஸ்கேல் வித் இமேஜ் என்று இருக்கும். இனி லோகோவோடு கோடும் மெலிந்து வரும். மற்றவருக்கு அனுப்பும் லோகோ என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ அழுத்திக் கோட்டையே வடிவமாக மாற்றிவிடுங்கள், அப்போது யார் எந்த மென்பொருளில் சுருக்கினாலும் விகிதம் கெடாது. மூலப் பிரதி ஒன்றை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு மெலிவதற்கும் ஒரு எல்லை உண்டு. 1 பாயிண்ட் கோட்டை 25 சதவீதத்துக்குக் குறைத்தால் 0.25 பாயிண்ட், அதற்குக் கீழே அச்சில் நம்ப முடியாது, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அதுவே நிற்காது. சின்ன அளவுக்கென்று கோடு குறைந்த இன்னொரு லோகோ செய்து வைப்பது நல்லது.

கேள்வி: நாளிதழுக்கு 8 செ.மீ. அகல விளம்பரம் அனுப்பினேன், அளவு கூடுதலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். பெட்டி சரியாக 80 மி.மீ.தான்.
(விளம்பர முகவர், சேலம்)

பதில்: பார்டர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் காரணம் அங்கேதான் இருக்கும். 4 பாயிண்ட் என்பது 1.4 மி.மீ. பார்டர் பெட்டிக்கு வெளிப்பக்கம் விழும்படி இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 2.8 மி.மீ. கூடும். ஸ்ட்ரோக் பேனலில் கோடு உட்பக்கம் விழும்படி அலைன் ஸ்ட்ரோக் டு இன்சைட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 80 என்றால் 80தான் இருக்கும்.

கேள்வி: தலைப்பு ஒரு வரியில் அடங்காதபோது ஹாரிசான்டல் ஸ்கேலை 75 சதவீதம் ஆக்கிவிடுகிறேன். ஆசிரியர் நன்றாக இல்லை என்கிறார், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.
(பக்க வடிவமைப்பாளர், புதுச்சேரி)

பதில்: காரணம் இதுதான். எழுத்தை அகலத்தில் மட்டும் நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ஒரு எழுத்துரு செய்தவர் இந்த இரண்டுக்கும் பார்த்துப் பார்த்து ஒரு பொருத்தம் வைத்திருப்பார், அது கெட்டுவிடுகிறது. தமிழ் எழுத்துகளில் வளைவு அதிகம். ஒகரத்தின் சுழி, ணகரத்தின் சுழிகள், ஐகாரக் கொம்பு எல்லாம் முட்டை வடிவத்துக்குப் போய் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும்.

95 வரை குறைத்தால் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மேல் வேண்டும் என்றால் எழுத்தளவை முழுதாகக் குறையுங்கள், அல்லது ஒடுங்கலாகவே செய்யப்பட்ட எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஆசிரியரிடம் ஒரு சொல்லைக் குறைக்கக் கேளுங்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வழி. இதற்கு நேரெதிராக, தலைப்பு சின்னதாக இருக்கிறது என்று எழுத்துகளுக்கு நடுவே டிராக்கிங்கைக் கூட்டி நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். தமிழில் அப்படிச் செய்தால் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும், படிக்கிறவருக்கு அது ஒரே எழுத்து என்றே தோன்றாது.

கேள்வி: நான் இன்னும் பேஜ்மேக்கர் 7இல்தான் வேலை செய்கிறேன். இதில் இந்த ஃப்ரேம் தொல்லை கிடையாது, மாறத்தான் வேண்டுமா?
(அச்சக உரிமையாளர், யாழ்ப்பாணம்)

பதில்: பேஜ்மேக்கரில் படத்தின் மூலையை இழுத்தால் படமே மாறும், வெட்ட வேண்டும் என்றால் க்ராப்பிங் டூலை எடுக்க வேண்டும். எழுத்துத் தொகுதியை இழுத்தால் அகலம் மாறும், எழுத்தளவு மாறாது. ஷிஃப்ட் விகிதத்தைக் காக்கும். கை பழகியவர்களுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதுவே கடைசி. அந்த ஃபைல்களைத் திறக்கக்கூடிய இன்டிசைனும் சிஎஸ்6ஓடு நின்றுவிட்டது. அதனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பழைய வேலைகளைப் பிடிஎஃப்பாக மாற்றிச் சேமித்துவிடுங்கள். புதிய வேலைகளை யூனிகோட் எழுத்துருவில், இன்டிசைனிலோ ஸ்கிரைபஸிலோ தொடங்குங்கள். இன்டிசைனில் கொம்புகள் இடம் மாறித் தெரிந்தால் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்கிரைபஸ் இலவசம். அதில் படம் வைத்ததும் ஒரு மூலை மட்டும் தெரிகிறது என்று வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். இமேஜ் பகுதியில் ஃப்ரீ ஸ்கேலிங் என்று இருப்பதை ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ் என்று மாற்றி, ப்ரொபோர்ஷனல் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்தது.

கேள்வி: 10 அடி × 8 அடி ஃப்ளெக்ஸுக்கு ஃபைலை எந்த அளவில் தொடங்குவது? நிஜ அளவில் போட்டால் கணினி நகர மறுக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து எவ்வளவு பெரிதாக்கலாம்?
(ஃப்ளெக்ஸ் வடிவமைப்பாளர், விழுப்புரம்)

பதில்: பத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்குங்கள், அதாவது 12 அங்குலம் × 9.6 அங்குலம். இன்டிசைனில் ஒரு பக்கம் 216 அங்குலம், அதாவது 18 அடி வரைதான் போகும் என்பதால் 20 அடி பேனர் வந்தால் இந்த வழியைத் தவிர வேறு வழியும் இல்லை. ஃபைலின் பெயரிலேயே 10இல் 1 என்று எழுதிவிடுங்கள், அச்சிடும் இடத்தில் 1000 சதவீதம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இதில் பலரும் தவறவிடுவது படத்தின் கணக்கு. சின்ன ஃபைலில் 300 பிபிஐ காட்டினால் போதும் என்று இருந்துவிடுவார்கள். பத்து மடங்கு பெரிதாகும்போது அது 30 ஆகிவிடும். ஃப்ளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் நிஜ அளவில் 72 இருந்தால் தாராளம். அப்படியென்றால் சின்ன ஃபைலில் 720 காட்ட வேண்டும். பேனரில் ஒருவர் படம் 4 அடி உயரத்துக்கு வருகிறது என்றால் 48 அங்குலம், 72ஆல் பெருக்கினால் 3456 பிக்சல் உயரம் வேண்டும். மேம்பாலத்துக்கு மேல் உயரத்தில் கட்டுவது என்றால் பாதி இருந்தாலும் சமாளிக்கலாம், கல்யாண மண்டப வாசலில் எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் பேனருக்குச் சமாளிக்க முடியாது.

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 1600 பிக்சல் உயரத்தில் வந்த படத்தை அந்த 4 அடிக்கு வைத்தால் 33 பிபிஐதான் கிடைக்கும். படம் கொடுப்பவரிடம் அதையே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், போனில் எடுத்த முழு அளவும் அப்படியே வரும். வந்ததும் பிக்சல் எண்ணைப் பாருங்கள், போதாவிட்டால் அப்போதே வேறு படம் கேளுங்கள். பேனர் தொங்கிய பிறகு கேட்டால் யாருக்கும் பயன் இல்லை.